மாணவர் நலத் திட்டங்கள்: கூட்டத்துக்குக் கூட்டம் வரும் கேள்விகள்

பள்ளியும் பெற்றோரும் அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து பிள்ளைகளின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் ஏதாவது செய்யலாம் என்று கூடினால், பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான் எழுகின்றன. சில வருடங்கள் பெற்றோர் குழுவில் உட்கார்ந்து நான் கேட்டவை, பதில் சொன்னவை, தப்பாகச் சொல்லிப் பிறகு திருத்திக்கொண்டவை எல்லாம் கீழே இருக்கின்றன.

வருடத்துக்கு ஒரு மருத்துவ முகாம் நடத்துகிறோமே, போதாதா?

முகாம் நல்லதுதான். ஆனால் முகாமுக்கு மறுநாள் என்ன நடக்கிறது என்று பாருங்கள். ஒரு பள்ளியில் கண் பரிசோதனை முடிந்து, 'மேல் பரிசோதனை தேவை' என்று எழுதிய சீட்டுகள் ரப்பர் பேண்ட் போட்டு அலுவலக மேஜை இழுப்பறையில் கிடந்ததை நானே பார்த்தேன். ஏழு மாதமாக அங்கேயே கிடந்தனவாம். அந்தச் சீட்டுகளில் மூன்றாவதாக இருந்த பெயர், கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதும் ஒரு பெண்ணுடையது. காப்பியடிக்கிறாள் என்று அவளுக்குத் தினமும் திட்டு விழுந்துகொண்டிருந்தது. முகாமின் போட்டோக்கள் மட்டும் அடுத்த வாரமே நோட்டீஸ் போர்டுக்கு வந்துவிட்டன.

அந்தச் சீட்டு யார் கைக்குப் போகும், வீட்டுக்கு யார் போன் செய்வார், கண்ணாடி வாங்க முடியாத வீடு என்றால் யார் ஏற்பாடு செய்வார், ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளை கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறாளா என்று யார் பார்ப்பார்? இதற்கெல்லாம் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தால் அதுதான் திட்டம். பெயர் இல்லாவிட்டால் அது நிகழ்ச்சி.

பள்ளியிலேயே பிள்ளைகளின் நலத்தைக் கவனிப்பது என்ற யோசனை எங்கிருந்து வந்தது?

1986-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய ஒட்டாவா மாநாட்டில் ஒரு சாசனம் வெளியானது. உடல்நலம் மருத்துவமனையில் உருவாவதில்லை, மனிதர்கள் படிக்கிற, வேலை செய்கிற, விளையாடுகிற இடங்களில் உருவாகிறது என்பது அதன் சாரம். அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்ததுதான் 1995-இல் அதே நிறுவனம் தொடங்கிய உலகளாவிய பள்ளி நல முயற்சி. 2021-இல் யுனெஸ்கோவுடன் சேர்ந்து எட்டு அளவுகோல்களை வெளியிட்டார்கள். பாடத்திட்டம், கட்டடம், பள்ளிக்குள் பழகும் சூழல், மருத்துவச் சேவை என்று போகும் அந்தப் பட்டியலில் பள்ளிக்கும் சமூகத்துக்குமான கூட்டுறவு தனியாக ஓர் அளவுகோல். எட்டையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கழிப்பறையிலிருந்து. சிரிக்க வேண்டாம்.

காலையில் இரண்டாவது பீரியட் முடிந்ததும் பெண்கள் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் விழுகிறதா? தண்ணீர் வருகிறதா? உள்ளே குப்பைக்கூடை இருக்கிறதா, அதற்கு மூடி இருக்கிறதா? சோப்பு? ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண்கள் எல்லோரும் தண்ணீர் பாட்டிலை நிரம்பக் கொண்டுவந்து நிரம்பவே திருப்பிக் கொண்டுபோனார்கள். கேட்டால் தாகம் இல்லை என்பார்கள். உண்மையில் மூன்று கழிப்பறைகளில் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்தச் சங்கடத்துக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தலைவலி, மதியத்துக்கு மேல் அசதி, சிறுநீர்த் தொற்று எல்லாம் அதன் பின்னால் வருகின்றன. தண்ணீர் குடிப்பதன் அவசியம் பற்றி அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஒரு சொற்பொழிவு நடந்து முடிந்திருந்தது. இரண்டு தாழ்ப்பாள் மாட்ட அரை மணி நேரம் ஆனது.

எத்தனை கழிப்பறை வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. வசதி குறைந்த பள்ளிகளுக்காக உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு: 25 பெண்களுக்கு ஒன்று, 50 ஆண்பிள்ளைகளுக்கு ஒன்றும் கூடவே சிறுநீர் கழிக்கும் இடமும். உங்கள் பள்ளியின் எண்ணிக்கையை இதோடு வகுத்துப் பாருங்கள். கூட்டத்தில் பேச அந்த ஒரு எண்ணே போதும்.

அடுத்த நாள் இன்னொரு வேலை. பள்ளியின் வரைபடத்தை ஒரு தாளில் போட்டு ஜெராக்ஸ் எடுத்துப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பிடித்த இடத்துக்குப் பச்சை, பயமான இடத்துக்குச் சிவப்பு. பெயர் எழுதக் கூடாது. எங்கள் தாள்களில் மாடிப்படிக்கு அடியில் உள்ள மூலை சிவப்பாக வரும் என்று எதிர்பார்த்தோம், வந்தது. ஆசிரியர் அறை வாசலும் சிவப்பாக வந்ததுதான் பலருக்குச் சுருக்கென்றது.

கை கழுவச் சொல்லி எத்தனை தடவை சொன்னாலும் கேட்பதில்லையே?

சொல்வதை நிறுத்திவிட்டு இடத்தை மாற்றிப் பாருங்கள். வங்கதேசத்தில் இரண்டு தொடக்கப் பள்ளிகளில் செய்த ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. கழிப்பறையிலிருந்து கை கழுவும் இடம் வரை தரையில் பளிச்சென்று ஒரு பாதை, அதில் காலடித் தடங்கள், கழுவும் இடத்தில் உள்ளங்கைத் தடங்கள். வேறு பிரசாரம் எதுவும் இல்லை. சோப்புப் போட்டுக் கழுவியவர்கள் முதலில் 4 சதவீதம். வரைந்த மறுநாள் 68. ஆறு வாரம் கழித்தும் 74. அங்கே சோப்பும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருந்தன என்பதை மறக்க வேண்டாம். வறண்ட குழாய்க்குக் காலடி வரைந்து பயனில்லை.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

தலைமை ஆசிரியர், இரண்டு ஆசிரியர்கள், நாலைந்து பெற்றோர், பக்கத்து ஆரம்ப சுகாதார மையத்திலிருந்து ஒரு செவிலியர். இவர்களை எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். துப்புரவுப் பணியாளர், வாட்ச்மேன், வேன் டிரைவர் ஆகியோரைத்தான் மறந்துவிடுவார்கள். எந்தப் பிள்ளை தனியாக நிற்கிறான், எவள் வாந்தி எடுத்தாள், எவன் சாப்பாட்டைக் கொட்டினான் என்பதெல்லாம் முதலில் தெரிவது இவர்களுக்குத்தான்.

மாணவர்கள் கட்டாயம் வேண்டும். பேருக்கு ஒருவர் என்றால் பெரியவர்கள் நடுவே வாயே திறக்க மாட்டார். மூன்று பேராவது சேர்ந்து வரட்டும். வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவர்களை மட்டும் பொறுக்க வேண்டாம். அடிக்கடி லீவு போடும் பிள்ளைக்குச் சொல்வதற்கு நிறைய இருக்கும்.

பிள்ளைகளைக் கேட்டால் கேன்டீனில் சிப்ஸும் குளிர்பானமும்தானே கேட்பார்கள்?

கேட்பார்கள். கேட்டதையெல்லாம் கொடுக்க வேண்டும் என்றில்லை. அவர்கள் ஏன் அதை வாங்குகிறார்கள் என்பதைக் கேளுங்கள். பல சமயம் பதில் வேறாக இருக்கும்: இடைவேளை பத்து நிமிடம், வரிசை நீளம், பாக்கெட் மட்டும்தான் சீக்கிரம் கிடைக்கிறது. ஒரு நாளின் மொத்தச் சக்தியில் சேர்த்த சர்க்கரை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது 2015-இல் வந்த உலக சுகாதார நிறுவனப் பரிந்துரை. 2,000 கலோரி கணக்கில் அது 50 கிராம். ஒரு சின்ன டின் குளிர்பானத்திலேயே அதில் பாதிக்கு மேல் போய்விடும். வளாகத்துக்குள் விற்பதை நிறுத்துவது பள்ளியின் கையில் இருக்கிறது. வாசலில் விற்பவரிடம் சண்டை போடுவதைவிட, அவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டு வேறு எதை விற்றால் அவருக்கு நஷ்டம் வராது என்று பேசுவது உருப்படியான வழி.

உடற்பயிற்சிக்கு எவ்வளவு நேரம் ஒதுக்கலாம்?

5 முதல் 17 வயது வரை, நாளுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓடியாட வேண்டும் என்பது 2020-இல் வந்த உலக வழிகாட்டுதல். பி.டி. பீரியட் மட்டும் அதைத் தராது. அதிலும் அந்த பீரியட் யாருக்குப் போகிறது? பரீட்சை நெருங்கினால் கணக்கு டீச்சருக்கு. ஆகவே முதல் விதி: பி.டி. பீரியடை யாரும் கடன் வாங்கக் கூடாது. தண்டனையாகப் பறிக்கவும் கூடாது. ஓட வேண்டிய பையன்தானே பெரும்பாலும் வகுப்பில் சும்மா இருக்க முடியாமல் தண்டனை வாங்குகிறான்!

ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங் நகரில் ஒரு தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை எலெய்ன் வைலி, 2012-இல் ஒரு சின்ன வேலை செய்தார். தினமும் 15 நிமிடம், போட்டிருக்கிற உடையோடு, எல்லாப் பிள்ளைகளும் வெளியே போய் அவரவர் வேகத்தில் ஓடலாம் அல்லது நடக்கலாம். பந்து வேண்டாம், பயிற்சியாளர் வேண்டாம், ஜெயிப்பது தோற்பது இல்லை. 'தினம் ஒரு மைல்' என்று இன்று பல நாடுகளில் நடப்பது அதுதான். விளையாட்டு என்றாலே ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு இது ஒத்துவருகிறது. டீமுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசியாக நின்றவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இன்னொன்று 'நடைப் பேருந்து'. பக்கத்தில் வசிக்கும் பிள்ளைகள் ஒரே பாதையில், குறித்த நேரத்தில், இரண்டு பெற்றோர் துணையோடு வரிசையாக நடந்தே பள்ளிக்கு வருவது. நிறுத்தங்களும் உண்டு. பெற்றோர் முறை வைத்துக்கொண்டால் வாரத்தில் ஒரு நாள்தான் ஒருவருக்கு வேலை.

வெயிலில் எதற்கு நிறுத்துகிறீர்கள், கண் கெட்டுவிடாதா?

உச்சி வெயிலில் நிறுத்த வேண்டாம். ஆனால் வெளியே இருப்பது கண்ணுக்கு நல்லது. சீனாவின் குவாங்சோவில் 12 தொடக்கப் பள்ளிகளின் முதல் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. பாதிப் பள்ளிகளில் தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் அங்கே கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5. மருந்து இல்லாமல், செலவு இல்லாமல் இது பெரிய வித்தியாசம்.

பிள்ளை வகுப்பில் தூங்குகிறான். பள்ளி என்ன செய்ய முடியும்?

6 முதல் 12 வயதுக்கு 9–12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18-க்கு 8–10. வளரிளம் பருவத்தில் தூக்கம் வரும் நேரமே உடலுக்குள் தள்ளிப்போகிறது. எல்லாவற்றுக்கும் போனைக் குற்றம் சொல்ல முடியாது, போனுக்கும் பங்கு உண்டு என்றாலும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2016-இல் உயர்நிலைப் பள்ளிகள் தொடங்கும் நேரத்தை 7:50-இலிருந்து 8:45-க்கு மாற்றியபோது மாணவர்களின் தூக்கம் 34 நிமிடம் கூடியது. நேரத்தை மாற்ற அதிகாரம் இல்லாத பள்ளிகூட ஸ்பெஷல் கிளாஸை விடியற்காலையில் வைக்காமல் இருக்கலாம். ஐந்து பாட ஆசிரியர்களும் ஒரே நாளில் வீட்டுப்பாடம் கொடுக்காமல் தங்களுக்குள் பேசிக்கொள்ளலாம். ஆசிரியர் அறைச் சுவரில் ஒரு காலண்டர், அதில் யார் எந்த நாள் என்று பென்சிலில் எழுதிவைப்பது போதும்.

மாதவிடாய் பற்றி ஆண்பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டுமா?

வேண்டும். வெள்ளைச் சீருடையில் கறை பட்ட பெண்ணைப் பார்த்துச் சிரிப்பவன் பெரும்பாலும் ஒன்றும் தெரியாதவன். பெண்களுக்குத் தனியாகவும் ஒரு வகுப்பு வேண்டும். அதை முதல் மாதவிடாய் வருவதற்கு முன்பே வையுங்கள். நாப்கின் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருப்பதோடு, யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படியும் இருக்க வேண்டும். பூட்டிய அலமாரியின் சாவி ஆண் ஆசிரியரிடம் இருந்தால் அந்த அலமாரி இருந்தும் இல்லாததுதான். அப்புறம், வயிற்று வலியால் மாதாமாதம் லீவு போடும் பெண்ணை 'இதெல்லாம் சகஜம்' என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

மனநலத்துக்கு ஒரு நிபுணரைக் கூப்பிட்டுப் பேசவைக்கலாமா?

கூப்பிடலாம். ஒரு மணி நேரம் பேசுவார், கை தட்டுவோம். மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளும், பாதி 18 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு மணி நேரப் பேச்சில் தீரும் சமாசாரம் இல்லை இது. கேட்கக் காதுள்ள ஒரு பெரியவர் தினமும் அதே இடத்தில் இருக்க வேண்டும்.

நல்லெண்ணம் இருந்தால் எல்லாமே பலிக்கும் என்றும் நினைக்க வேண்டாம். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் மனநிறை தியானப் பயிற்சியை, அதாவது நிகழும் கணத்தில் கவனத்தை நிறுத்தும் 'மைண்ட்ஃபுல்னெஸ்' பயிற்சியைச் சோதித்தார்கள். 2022-இல் முடிவு வந்தது: வழக்கமான வகுப்புகளைவிட அது மேலாக எதையும் தரவில்லை. மாறாக, பத்து ஐரோப்பிய நாடுகளில் 11,110 மாணவர்களைக் கொண்டு செய்து 2015-இல் வெளியான ஆய்வில், மாணவர்களே நடித்துப் பேசி விவாதிக்கும் ஒரு திட்டம் ஒரு வருடத்தில் தற்கொலை முயற்சிகளைக் கணிசமாகக் குறைத்தது. ஆசிரியர்களுக்கு மட்டும் அறிகுறிகளைக் கற்றுக்கொடுத்த திட்டத்தால் அப்படிக் குறையவில்லை.

பீகாரில் ஒரே நலத் திட்டத்தைச் சில பள்ளிகளில் ஆசிரியர்களும் சில பள்ளிகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்களும் நடத்தினார்கள். ஆலோசகர்கள் இருந்த பள்ளிகளில் சூழல் மேம்பட்டது, மனச்சோர்வும் கேலியும் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய இடங்களில் ஏறக்குறைய ஒன்றும் மாறவில்லை. ஆசிரியர்களைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. மார்க் போடுகிறவரிடம் மனம் திறக்க எந்தப் பிள்ளைக்கும் தயக்கம் இருக்கும். அவருக்கும் தலைக்கு மேல் வேலை.

தற்கொலை எண்ணம் பற்றி நேரடியாகக் கேட்டால், நாமே யோசனை கொடுத்ததுபோல் ஆகாதா?

ஆகாது. இது பரவலான பயம், ஆனால் தவறானது. கேட்பதால் எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்று நிம்மதிதான் பலருக்கு வருகிறது. 'செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?' என்று அமைதியாக, நேராகக் கேளுங்கள். ஆம் என்றால் அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். வீட்டுக்கும் மருத்துவருக்கும் அன்றே தகவல் போக வேண்டும். எந்த மருத்துவர், எந்த எண் என்பதை முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். அன்றைக்குப் போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.

கேலி, மிரட்டலுக்கு என்ன செய்வது?

மிரட்டுபவனையும் மிரட்டப்பட்டவனையும் ஒரே அறையில் உட்காரவைத்துக் கை குலுக்கச் சொல்வது வேண்டவே வேண்டாம். அன்று மாலை வெளியே மிரட்டப்பட்டவனுக்கு இன்னும் இரண்டு மடங்கு விழும். பின்லாந்தில் துர்க்கு பல்கலைக்கழகத்தில் உருவான 'கிவா' என்ற மிரட்டல் தடுப்புத் திட்டம் பார்வையாளர்கள் மீது கவனம் வைத்தது: சுற்றி நின்று சிரிப்பவர்கள், பேசாமல் பார்ப்பவர்கள். சிரிப்பு கிடைக்காவிட்டால் மிரட்டுபவனுக்குப் பாதி ருசி போய்விடும். பிள்ளைகள் எழுந்து சண்டை போட வேண்டியதில்லை. 'வாடா, அந்தப் பக்கம் போகலாம்' என்று அடிபடுபவனைக் கூட்டிக்கொண்டு போவதே பெரிய உதவி.

எடை, உயரம் பார்ப்பதில் என்ன தப்பு?

பார்ப்பதில் தப்பில்லை, சத்தமாகப் படிப்பதில்தான். 'அறுபத்தெட்டு!' என்று வரிசை முழுக்கக் கேட்கச் சொன்ன ஒரு முகாமுக்குப் பிறகு, ஒரு பையன் அடுத்த இரண்டு வருடமும் அந்த நாளில் லீவு. திரை போட்டு, ஒருவர் ஒருவராக, எண்ணை எழுதுபவர் மட்டும் பார்க்கும்படி வையுங்கள். உடல்நலக் குறிப்பேடு வகுப்பு மேஜையில் கிடக்கக் கூடாது.

இதற்கெல்லாம் நேரம் செலவழித்தால் மார்க் குறையாதா?

குறையாது. போர்டு தெரியாத பிள்ளை, பசியோடு இருக்கிற பிள்ளை, பயந்துகொண்டிருக்கிற பிள்ளை வகுப்பின் 45 நிமிடமும் சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

பணம்?

தாழ்ப்பாள், மூடி போட்ட கூடை, சோப்பு, தரையில் காலடி வரைய பெயிண்ட், எடை பார்க்கும் இடத்துக்கு ஒரு திரை. பேனருக்கும் மேடைக்கும் மாலைக்கும் ஆகிற செலவில் இவை எல்லாம் வந்துவிடும். ஆலோசகர் சம்பளம்தான் உண்மையான செலவு. ஒரே பள்ளியால் முடியாது என்றால் நாலைந்து பள்ளிகள் சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம். வாரத்தில் ஒரு நாள் வந்தாலும் எந்த நாள் என்று பிள்ளைகளுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

குளிர்பானம், நொறுக்குத்தீனி விற்பவர்கள் விளையாட்டு விழாவுக்கு ஸ்பான்சர் செய்ய வருவார்கள். மறுத்துவிடுங்கள்.

வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எத்தனை நிகழ்ச்சி, எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை விடுங்கள். வருகைப் பதிவேட்டை எடுங்கள். எந்த வகுப்பில், எந்தக் கிழமையில் லீவு அதிகம்? திங்கட்கிழமை வயிற்று வலிக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கதை இருக்கும். அனுப்பிய கண் சீட்டுகளில் எத்தனை கண்ணாடியாகத் திரும்பி வந்தன? ஆறு மாதம் கழித்து அதே வரைபடத்தை மறுபடி கொடுத்தால் சிவப்பு எங்கே இருக்கிறது?

எங்கள் இரண்டாவது வரைபடத்தில் மாடிப்படி மூலை பச்சையாகிவிட்டது. அங்கே ஒரு பெஞ்சு போட்டு, இடைவேளையில் சமையல் அக்கா உட்காரும் இடமாக ஆக்கியிருந்தோம். ஆசிரியர் அறை வாசல் இன்னும் சிவப்புதான். அதைப் பற்றி அடுத்த கூட்டத்தில் பேசுவதாக இருக்கிறது.

தொடங்கிவைத்த தலைமை ஆசிரியர் மாற்றலாகிப் போய்விட்டால்?

அநேகத் திட்டங்கள் அங்கேதான் நிற்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நோட்டில் எழுதிவையுங்கள்: என்ன வேலை, எந்த மாதம், யார் பொறுப்பு, அவர் இல்லாவிட்டால் யார், யாருக்குப் போன் செய்ய வேண்டும். ஒவ்வொரு பொறுப்பிலும் ஆசிரியர் ஒருவர், பெற்றோர் ஒருவர் என்று இரண்டு பெயர் இருக்கட்டும். ஆசிரியர் மாற்றலாவார், பெற்றோரின் பிள்ளை படித்து முடித்துப் போவான், ஆனால் இரண்டு பேரும் ஒரே வருடத்தில் போவது அபூர்வம். புதுத் தலைமை ஆசிரியர் வந்த முதல் வாரத்திலேயே அந்த நோட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். ஒரு மாதம் தள்ளினால் அவருக்கு வேறு ஐம்பது வேலை வந்துவிடும்.